மரியா மொண்டிசோரி அம்மையாரும் பத்து மரக்கட்டைகளும்

ஒரு பெண்மணியின் பெயர் நம் நாட்டில் ஓர் இடத்தின் பெயராகிவிட்டது. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வண்ணாத்திவில்லிலும் நம் கரைத்தீவிலும் மூன்று வயதுப் பிள்ளையைக் காலையில் கொண்டுபோய் விடும் இடத்துக்கு மொண்டிசோரி என்றே பெயர். பலகையில் பாலர் பாடசாலை என்றோ முன்பள்ளி என்றோ எழுதியிருக்கும். ஆனால் பிள்ளை எங்கே என்று கேட்டால் மொண்டிசோரிக்குப் போயிருக்கிறது என்றுதான் வீட்டில் பதில் வரும். அந்தப் பெயருக்கு உரியவர் யார், அவர் பிள்ளைகளின் கையில் எதைக் கொடுத்தார், எதைக் கொடுக்க மறுத்தார் என்பதை அறிந்தவர்கள் குறைவு.

இப்போது அதைச் சொல்ல ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. நூற்றாண்டை முன்னிட்டு இங்குள்ள முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன அனுப்பலாம் என்று கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கும் தோழியர் பலர் கேட்டிருக்கிறீர்கள். பெட்டி பெட்டியாகப் பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருட்கள் அனுப்பத் தயாராக இருப்பதாகவும் சிலர் அறிவித்திருக்கிறீர்கள். அந்த அன்புக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். ஆனாலும் பெட்டிகளைக் கட்டுமுன் இந்த அம்மையாரின் வாழ்க்கையை நீங்கள் ஒருமுறை வாசிக்க வேண்டும் என்று விரும்பினோம்.

மரியா மொண்டிசோரி 1870 ஓகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் கிழக்குக் கரையில், அங்கோனா நகருக்கு அண்மையிலுள்ள கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசாங்க உத்தியோகத்தர். தாய் ரெனில்டே வாசிப்பில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். பெண்கள் எழுத்தறிவு பெறுவதே அரிதாக இருந்த அந்தக் காலத்தில் வீட்டில் புத்தகங்களோடு வாழ்ந்த தாய் அவர். மரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் உரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஒரே பிள்ளை. ஆசிரியையாக வரட்டும் என்று பெற்றோர் நினைத்தார்கள். பிள்ளைக்கோ கணக்கிலும் இயந்திரங்களிலும் நாட்டம். பதின்மூன்று வயதில் ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழினுட்பப் பாடசாலையில் சேர்ந்தார். பொறியியல் படிக்க எண்ணியவர் பின்னர் மனம் மாறி மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். தந்தை விரும்பவில்லை. தாய் துணை நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து நின்று உடலை அறுத்துப் படிக்க ஒரு பெண்ணுக்கு அனுமதி இல்லை. ஆகையால் மற்றவர்கள் போன பிறகு, மாலை வேளையில், தனியாக அந்தக் கூடத்தில் நின்று அவர் படித்தார். 1896இல் உரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதலாவது பெண் மருத்துவர் என்று பல நூல்களில் அவரைக் குறிப்பிடுவார்கள். உண்மையில் அவருக்கு முன்னரும் சிலர் அப்பட்டத்தைப் பெற்றிருந்தனர். ஆனாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அந்தச் சிலரில் அவரும் ஒருவர். அதே ஆண்டில் பெர்லினில் நடந்த பெண்கள் மாநாட்டில் இத்தாலியின் சார்பில் கலந்துகொண்டு, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வேண்டும் என்று வாதிட்டார்.

பட்டம் பெற்றதும் பல்கலைக்கழக மனநோய் மருத்துவமனையில் பணி. அதன் பொருட்டு நகரத்து மனநோய் விடுதிகளுக்குப் போகவேண்டியிருந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளையும் அந்நாளில் அங்கேயே அடைத்து வைத்திருந்தார்கள். ஒன்றுமே இல்லாத வெறும் அறை. சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் தரையில் விழுந்த பாண் துணுக்கைகளைப் பொறுக்கி எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அது அருவருப்பாக இருந்தது. மரியா அதை வேறு கண்ணால் பார்த்தார். வயிறு நிறைந்த பிள்ளை துணுக்கையைத் தேடுவது தின்பதற்கல்ல. தொட்டுப் பார்க்க, பிடித்துப் பார்க்க, உருட்டிப் பார்க்க அந்த அறையில் வேறு ஒரு பொருளும் இல்லை. கைக்கு வேலை இல்லாமல் மனம் வளராது என்று அன்று அவர் எண்ணினார். அவருடைய பிற்கால வேலை முழுவதும் அந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான்.

இதே வழியில் முன்னர் நடந்த இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களை அவர் தேடிப் படித்தார். ஒருவர் இத்தார், மற்றவர் செகுவின். செகுவினின் நூலை இத்தாலிய மொழியில் தம் கையாலேயே எழுதிப் பெயர்த்தார். அவசரமாக வாசித்தால் மனதில் நிற்காது என்பதற்காக அப்படிச் செய்தார். அவர்கள் காட்டிய வழியில் மரத்தால் பலவகைப் பொருட்களைச் செய்வித்துப் பிள்ளைகளிடம் கொடுத்தார். 1900இல் இத்தகைய பிள்ளைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றும் நிறுவனம் ஒன்றின் பொறுப்பை ஏற்றார். படிக்கவே முடியாது என்று கைவிடப்பட்ட பிள்ளைகள் சிலர் எழுத வாசிக்கப் பழகி, சாதாரணப் பிள்ளைகளுக்குரிய பரீட்சையில் தேறினார்கள். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். அவரோ, இந்தப் பிள்ளைகளே தேறுகிறார்கள் என்றால் நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளை இவ்வளவு தாழ்ந்த நிலையில் வைத்திருப்பது எது என்ற கவலையில் ஆழ்ந்தார்.

இந்தப் புகழுக்குப் பின்னால் ஒரு துயரம் இருந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் மொன்டெசானோ மூலம் 1898இல் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. திருமணம் நடக்கவில்லை. வெளியே தெரிந்தால் தொழிலும் பெயரும் ஒரே நாளில் போய்விடும் காலம் அது. குழந்தை மரியோ நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். தாய் அவ்வப்போது போய்ப் பார்த்து வந்தார். உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வழி தேடிய பெண்ணுக்குத் தன் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வழி இருக்கவில்லை. தன் தாயார் 1912இல் காலமான பின்னரே, பதினைந்து வயதளவில் மகனைத் தன்னோடு அழைத்துக்கொண்டார். அதன் பின்னரும் நெடுங்காலம் உறவுப் பிள்ளை என்றே அவரை வெளியில் அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. இதை நாங்கள் எழுதுவது அவரைக் குறை சொல்வதற்கல்ல. படித்த பெண் ஒருத்தியிடம் அந்நாள் உலகம் எவ்வளவு பெரிய விலை கேட்டது என்பதை நம் பெண்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1907 ஜனவரி 6ஆம் திகதி உரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் அவருடைய முதலாவது குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அதன் தொடக்கம் பெரிய இலட்சியத்திலிருந்து வந்ததல்ல. பழைய கட்டடங்களைத் திருத்தி வாடகைக்கு விட்ட கம்பனிக்கு ஒரு தொல்லை இருந்தது. தாய் தந்தையர் வேலைக்குப் போனதும் பள்ளிக்குப் போகும் வயது வராத சிறுவர்கள் சுவரிலும் படிக்கட்டிலும் கிறுக்கினார்கள். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. மருத்துவர் மொண்டிசோரி அதை ஏற்றார். மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகள் ஐம்பது பேரளவில் சேர்ந்தனர். பார்த்துக்கொள்ள வைத்த பெண் அந்தக் கட்டடத்துக் காவற்காரரின் மகள்; ஆசிரியப் பயிற்சி பெறாதவர்.

உயர்குடிப் பெண்கள் மனமிரங்கி விலையுயர்ந்த பொம்மைகளையும் விளையாட்டுச் சாமான்களையும் அந்த இல்லத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அவற்றோடு தாம் முன்னர் செய்வித்த மரப்பொருட்களையும் மரியா ஒரு பக்கம் வைத்தார். பொம்மைகளைப் பிள்ளைகள் சிறிது நேரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். தாமாகத் தேடி எடுக்கவில்லை. மரப்பொருட்களிடமோ திரும்பத் திரும்ப வந்தார்கள். மூன்று வயதளவான சிறுமி ஒருத்தி, பலகையிலுள்ள குழிகளில் மர உருளைகளைப் பொருத்தும் வேலையில் மூழ்கியிருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் சொன்னார் மரியா, அவள் நிமிரவில்லை. அவள் அமர்ந்திருந்த கதிரையை அப்படியே தூக்கி மேசைமேல் வைத்தார்; உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு அவள் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்து முடித்துவிட்டு, நல்ல தூக்கத்திலிருந்து எழுந்தவளைப்போல மகிழ்ச்சியோடு நிமிர்ந்தாள்.

இன்னொரு நாள், பொருட்கள் வைக்கும் அலுமாரியைப் பூட்ட மறந்துவிட்டார்கள். ஆசிரியை வந்து சேரப் பிந்திவிட்டது. உள்ளே வந்து பார்த்தால் பிள்ளைகள் தாங்களே விரும்பியதை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தனர். திருட்டு என்று அந்தப் பெண் கோபப்பட்டார். மரியாவோ, பிள்ளைக்குத் தனக்கு வேண்டியதைத் தெரிந்தெடுக்கத் தெரியும் என்று விளங்கிக்கொண்டார். உயரமான பூட்டு அலுமாரி போய்ப் பிள்ளையின் கைக்கெட்டும் தாழ்ந்த தட்டுகள் வந்தன. பிள்ளைகள் தொடாத பொருட்களை ஒவ்வொன்றாக அகற்றினார். எஞ்சியவற்றிலும் ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் வைத்தார். ஒருவர் வேலை முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்கட்டும் என்பது அவர் எண்ணம். பொறுமையைப் புத்தியாகச் சொல்லாமல் பழக்கமாக்கினார்.

இனி அந்தப் பத்துக் கட்டைகளுக்கு வருவோம். இளஞ்சிவப்புக் கோபுரம் என்று சொல்லப்படும் அதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். பத்துச் சதுரமுகிகள். மிகச் சிறியதன் பக்கம் 1 சென்ரிமீற்றர். மிகப் பெரியதன் பக்கம் 10 சென்ரிமீற்றர். இடையில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சென்ரிமீற்றராகக் கூடும். எல்லாம் ஒரே மரம், ஒரே நிறம், ஒரே வடிவம். படமில்லை, எழுத்தில்லை, சத்தமில்லை. மாறுவது அளவு ஒன்றுதான். பிள்ளையின் கவனம் போகவேண்டிய இடத்தைத் தவிர மற்ற வழிகளையெல்லாம் அம்மையார் அடைத்துவிட்டார். நிறமும் வடிவமும் சேர்ந்து மாறினால், பிள்ளை எதைக் கண்டு அடுக்கியது என்று நமக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது.

இவ்வளவு எளிமைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கணக்குப் படித்த தோழியர் கவனிக்க வேண்டும். பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடினாலும் கனவளவு 1, 8, 27, 64 என்று பாய்ந்து பத்தாவது கட்டையில் 1000 ஆகிறது. சிறிய கட்டையை இரு விரல் நுனியால் எடுக்கவேண்டும்; பெரியதற்கு இரண்டு கையும் வேண்டும். முழு மரத்தில் செய்தால் பெரியதன் பாரம் சிறியதைப்போல ஆயிரம் மடங்கு. பத்துக் கட்டைகளின் கனவளவையும் கூட்டினால் 3025 கன சென்ரிமீற்றர். அது 55இன் வர்க்கம். ஒன்றிலிருந்து பத்துவரை கூட்டினால் வருவதும் அதே 55தான். மூன்று வயதுப் பிள்ளைக்கு இதொன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம். கைக்குத் தெரிந்திருக்கும். பல ஆண்டு கழித்து வகுப்பில் வர்க்கமும் கனமும் வரும்போது, முன்பே பழகிய ஒருவரைச் சந்திப்பதுபோல மனம் அதை ஏற்றுக்கொள்ளும்.

கட்டைகளை மூலையோடு மூலை பொருத்தி அடுக்கினால் ஒவ்வொரு கட்டையின் ஓரத்திலும் சரியாக 1 சென்ரிமீற்றர் படி தெரியும். சின்னக் கட்டையை அந்தப் படிகளில் இறக்கிக் கொண்டுவரலாம். இதை யாரும் சொல்லிக் கொடுக்காமல் கண்டுபிடிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். கோபுரத்தோடு சேர்ந்து செல்வது மண்ணிறப் படிக்கட்டு. அதில் பத்துக் கட்டைகள்; எல்லாம் 20 சென்ரிமீற்றர் நீளம், தடிப்பு மட்டும் மாறும். அடுத்தது சிவப்புக் கோல்கள்; 10 சென்ரிமீற்றரிலிருந்து 1 மீற்றர் வரை பத்துக் கோல்கள், நீளம் மட்டும் மாறும். ஒன்பதாவது கோலின் முனையில் முதற்கோலை வைத்தால் பத்தாவதன் நீளம் வரும். எட்டோடு இரண்டும் அப்படியே. கூட்டல் அங்கே வாய்ப்பாடாக வரவில்லை, கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. பிழை விட்டால் ஆசிரியை கையில் அடிக்க வேண்டியதில்லை. உருளை குழிக்குள் இறங்காது, கோபுரம் கோணலாக நிற்கும். பொருளே பிழையைக் காட்டும், பிள்ளையே திருத்தும்.

இந்தப் பாதையில் அம்மையார் முதலாமவர் அல்லர். ஜேர்மனியின் துரிஞ்சியா மலைநாட்டில் 1782இல் பிறந்து, 1840இல் குழந்தைகள் பூங்கா என்ற பொருளில் கிண்டர்கார்டன் என்ற பெயரை உலகுக்குத் தந்த பிரெடரிக் புரோபல், கட்டைகளைப் பிள்ளைகளின் கல்விக்குள் கொண்டுவந்த முன்னோடி. இளமையில் பெர்லினில் பளிங்குக் கற்களின் அமைப்பை ஆராய்ந்தவர் அவர். சில எளிய வடிவங்களிலிருந்து இயற்கை எத்தனை அழகுகளைக் கட்டுகிறது என்பதை அங்கே கண்டார். ஒரு மரப்பெட்டிக்குள் எட்டுச் சமமான சிறு சதுரமுகிகள். சேர்த்து வைத்தால் ஒரு பெரிய சதுரமுகி. அதுவே அவர் பிள்ளைக்குக் கொடுத்த பரிசு. அந்த எட்டும் கதிரையாகும், கிணறாகும், வாசலாகும். கலைத்து வைத்தால் பூக்கோலமாகும். பிரித்து எண்ணினால் பாதி, கால், அரைக்கால் ஆகும். பெண்கள்தான் இந்த வேலைக்கு உகந்த ஆசிரியர்கள் என்று சொல்லி அவர்களைப் பயிற்றத் தொடங்கியவரும் அவரே. 1851இல் பிரஷ்ய அரசு அவருடைய பாலர் பூங்காக்களைத் தடைசெய்தது. மறு ஆண்டில் அவர் காலமானார். 1860இல்தான் தடை நீங்கியது. அவருடைய கல்லறைமேல் நிற்பவை ஒரு சதுரமுகியும் ஓர் உருளையும் ஒரு கோளமும்.

இருவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. புரோபலின் எட்டுக் கட்டைகளுக்குச் சரியான விடை என்று ஒன்றில்லை. மொண்டிசோரியின் கோபுரத்துக்கு உண்டு. 1914இல் அமெரிக்கக் கல்வியாளர் கில்பற்றிக் இதைப் பிடித்துக்கொண்டு அம்மையாரின் முறையைக் கடுமையாக விமர்சித்தார். பிள்ளையின் கற்பனைக்கும் சுதந்திரமான விளையாட்டுக்கும் அதில் இடம் போதாது என்பது அவர் வாதத்தின் சாரம். முந்திய ஆண்டில் அமெரிக்காவில் பெரும் வரவேற்புப் பெற்றிருந்த மொண்டிசோரி முறை, அதன் பின் அங்கே பல ஆண்டுகள் மங்கிப்போனதற்கு அந்த விமர்சனமும் ஒரு காரணம். அந்த வாதத்தில் நியாயம் இல்லையென்று நாங்கள் சொல்லமாட்டோம். கோபுரம் கட்டி முடித்த பிள்ளை அதே கட்டைகளைக் கப்பலாக்க விரும்பினால், வேண்டாமென்று பிடுங்கும் ஆசிரியை அம்மையாரின் எழுத்தைப் படித்திருப்பார், பிள்ளையைப் படிக்கவில்லை.

அம்மையாரின் பிற்கால வாழ்க்கை அரசியல் புயலில் அகப்பட்டது. இத்தாலியில் முசோலினியின் ஆட்சி முதலில் அவருடைய பள்ளிகளை ஆதரித்தது. அவரும் அந்த ஆதரவை ஏற்றார். பிள்ளைகளைக் கட்டளைக்குப் பணியும் படையாக வளர்க்க விரும்பிய ஆட்சிக்கும், தானாகத் தெரிந்தெடுக்கும் பிள்ளையை வளர்க்க விரும்பிய அவருக்கும் ஒத்துப்போக முடியவில்லை. 1934இல் அவர் இத்தாலியை விட்டு வெளியேறினார், பள்ளிகள் மூடப்பட்டன. ஜேர்மனியில் நாசிகளும் அவருடைய பள்ளிகளை மூடினர். ஸ்பெயினில் குடியிருந்தபோது 1936இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்தும் புறப்பட்டு நெதர்லாந்தில் தஞ்சமடைந்தார். வீட்டையும் ஊரையும் விட்டுக் கையில் அகப்பட்டதோடு புறப்படுவது என்னவென்று நம் புத்தளக் கரைக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1990இல் வடக்கிலிருந்து வந்தவர்களை வரவேற்ற மண் இது.

1939இல், அறுபத்தொன்பதாவது வயதில், அவர் சென்னைக்கு வந்தார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜோர்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்திருந்தனர். அடையாறில் நடந்த முதலாவது பயிற்சிக்கு முந்நூறு பேருக்கு மேல் வந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். சில மாதங்களில் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. 1940 யூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பிரித்தானிய ஆட்சிக்கு எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாறு வளவை விட்டு வெளியேறக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. ஓகஸ்ட் 31ஆம் திகதி அவருடைய எழுபதாவது பிறந்த நாள். அன்று அவருக்குப் பரிசாக மகனை விடுவிக்க அரசாங்கம் முடிவு செய்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாய்திறந்து மகன் என்று சொல்ல முடியாதிருந்த ஒருவரை, மகன் என்ற பெயரிலேயே அரசாங்கம் அவரிடம் ஒப்படைத்தது.

சில மாதங்களுக்கென வந்தவர் ஏழு ஆண்டுகளுக்குக் கிட்டத் தங்கிவிட்டார். 1942 முதல் 1944 வரை கொடைக்கானல் மலையில் வாழ்ந்தார். அங்கே பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்த சிறிய பள்ளியில் செடிகளையும் பூச்சிகளையும் கற்களையும் கொண்டு பிள்ளைகளுக்கு உலகத்தை அறிமுகப்படுத்தும் புதிய பாடங்களை மகனோடு சேர்ந்து உருவாக்கினார். இலங்கைப் பெண்மணியான லீனா விக்ரமரத்ன அவரிடம் பயின்று அங்கே அவரோடு பணியாற்றியவர். 1944இல் அம்மையார் நம் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். ஓர் இடத்தின் பெயராக நம் வாயில் புழங்கும் அந்தப் பெயருக்குரியவர், இந்தத் தீவின் மண்ணில் நடந்து நம் நாட்டுப் பெண்களுக்குக் கற்பித்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் இந்தியாவில் பயிற்சி பெற்றனர். அவருடைய புகழ்பெற்ற நூல்களில் ஒன்று, அகமதாபாத்தில் ஆற்றிய விரிவுரைகளிலிருந்து தொகுக்கப்பட்டு 1949இல் சென்னையிலேயே அச்சாகியது.

அவர் வருமுன்னரே அவருடைய கருத்து இந்தியாவில் வேரூன்றியிருந்தது. குஜராத்தின் பாவ்நகரில் வழக்கறிஞராக இருந்த கிஜுபாய் பதேகா, தன் மகனின் கல்விக்காக மொண்டிசோரி நூலைப் படித்து, 1920இல் பாலர் பள்ளி ஒன்றை நிறுவினார். அவர் அதை அப்படியே பிரதி செய்யவில்லை. கதை, நாடகம், நாட்டுப் பாடல், உள்ளூர்ப் பொருட்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டார். அம்மையார் இந்தியாவுக்கு வந்த அதே 1939இல், சில மாதங்கள் முந்தி அவர் காலமாகிவிட்டார்.

போர் முடிந்து 1946இல் ஐரோப்பா திரும்பிய அம்மையார், மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்து மேலும் பயிற்சிகள் நடத்தினார். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தின் கடற்கரை ஊரான நோர்ட்வைக்கில், எண்பத்தோராவது வயதில் காலமானார். இறந்த இடத்திலேயே அடக்கம் நடந்தது. மரியோ அவருடைய பணியைத் தொடர்ந்தார். நாடு கடந்து வாழ நேர்ந்த அவருடைய முகத்தை இத்தாலி பின்னர் தன் 1000 லீரா நாணயத்தாளில் அச்சிட்டுக் கௌரவித்தது.

தோழியரே, உங்கள் கேள்விக்கு இனி எங்கள் விடையைச் சொல்கிறோம். பலவகை வேண்டும் என்பதற்காகப் பல பொருள் வேண்டும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். கட்டைகளின் வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. பொத்தானை அழுத்தினால் பாடும் கார் கார்தான். அது வேறொன்றாக மாறாது. டென்மார்க்கின் லெகோக் கட்டைகளைப் பாருங்கள். எட்டுக் குமிழ் கொண்ட, ஒரே அளவும் ஒரே நிறமுமான ஆறு கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்த 915,103,765 வழிகள் இருப்பதாகக் கணினி கொண்டு எண்ணியிருக்கிறார்கள். ஆறே கட்டைகளுக்குத் தொண்ணூற்றொரு கோடிக்கு மேல். ஒன்றோடொன்று சேரக்கூடிய சில பொருட்கள், சேராத நூறு பொருட்களிலும் செல்வம் மிக்கவை.

நம் முன்னோருக்கும் இது தெரியாததல்ல. கடற்கரை மணலில் சிறுமியர் கட்டும் சிறுவீட்டுக்குச் சிற்றில் என்று பெயரிட்டு, பிள்ளைத்தமிழில் அதற்கென ஒரு பருவத்தையே ஒதுக்கிய மொழி நம்முடையது. நம் கரைத்தீவுப் பிள்ளைகள் சிரட்டையில் ஈரமணலை அமுக்கிக் கவிழ்த்து புட்டு அவிப்பார்கள். அதே சிரட்டை தராசாகும், தொப்பியாகும், களப்பில் விடத் தோணியாகும். வெற்று நெருப்புப்பெட்டிகள் கோர்த்தால் புகையிரதம், அடுக்கினால் மாடிவீடு. ஐந்து காசு செலவில்லை.

ஆகையால் நீங்கள் சேர்த்த பணத்தில் சாமான் வாங்கி அனுப்பாமல், இங்குள்ள தச்சருக்கு வேலை கொடுக்க எண்ணுகிறோம். ஒவ்வொரு முன்பள்ளிக்கும் ஒரு கோபுரம்: 1 முதல் 10 சென்ரிமீற்றர் வரை பத்துச் சதுரமுகிகள், நன்கு காய்ந்த மரத்தில், ஒரே நிறத்தில், பிள்ளை வாயில் வைத்தாலும் தீங்கில்லாத பூச்சில். அதோடு ஒவ்வொரு நான்கு பிள்ளைக்கும் புரோபலின் முறைப்படி எட்டுச் சமமான கட்டைகள் கொண்ட ஒரு பெட்டி. அதை வைத்து எதையும் கட்டலாம். முதலாவது கண்ணைக் கூர்மையாக்கும்; இரண்டாவது மனதை அவிழ்த்துவிடும். இரண்டும் வேண்டும். ஓரங்களை அரத்தாளால் நன்றாக மழுக்கவேண்டும். ஆணி ஒன்றும் தேவையில்லை. ஆகவே நம் உப்புக் காற்றில் துருப்பிடிக்கவும் ஒன்றுமில்லை. மிகச் சிறிய கட்டையை மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் தனியே விடாமல் ஆசிரியை பார்த்துக்கொள்ளவேண்டும். விழுங்கிவிடும் அளவு அது.

பிளாஸ்டிக் ஒரு மழைகாலத்தில் உடையும், குப்பை வண்டி வராத கரையில் அது களப்பில் போய்ச் சேரும். மரக்கட்டை ஒரு தலைமுறை நிற்கும். நிறம் மங்கினால் மறுபடி பூசலாம். ஒன்று தொலைந்தால் அதே அளவில் இன்னொன்று வெட்டலாம். இன்று அதை அடுக்கும் பிள்ளையின் பிள்ளையும் அதை அடுக்கலாம்.

பெட்டி பெரிதாக இல்லையே என்று யாரும் மனம் குறைய வேண்டாம். உரோமின் ஏழைப் பிள்ளைகள் விலையுயர்ந்த பொம்மைகளை விட்டுவிட்டு மரக்கட்டைகளிடம் போனார்கள். நம் பிள்ளைகளும் அவர்களைப்போன்றவர்களே. ஊருக்கு வரும்போது முன்பள்ளிப் பக்கம் வாருங்கள். பாயில் அமர்ந்து அவர்களோடு ஒரு கோபுரம் கட்டிவிட்டுப் போங்கள்.